பெருங்குடலை எடுத்துவிட்டு மாலைதீவுக்கு வேலைக்குப் போகும் என் மகனுக்கு

மகனே, நாளைக் காலை பத்து மணிக்கு உன்னை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக வேன் வருகிறது. நீ இப்போது கண்டக்குழிக் கடற்கரையில் கடைசி வகுப்பை எடுத்துக்கொண்டிருக்கிறாய். எனக்குக் காலையிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை. உன் பெட்டியை மூன்று தரம் திறந்து மூடிவிட்டேன். தேங்காய்ச் சம்பலுக்கு உப்புப் போட்ட ஞாபகம் இல்லாமல் இன்னொரு தரமும் போட்டிருக்கிறேன். உன் வாப்பா ருசி பார்த்துவிட்டு, "போறது அவனா, நீயா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையில் நானே போவதுபோலத்தான் இருக்கிறது. வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் "சரி உம்மா, விடுங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை மற்றவர்களும் படிக்கக் கொடுக்கலாமா என்று நேற்று உன்னிடம் கேட்டேன். "குடுங்க உம்மா, ஒண்டும் மறைக்க வேணாம்" என்றாய். உன்னைப்போல ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, ஒபரேஷன் செய்வதா வேண்டாமா என்று தெரியாமல் எந்தத் தாயாவது இருந்தால் அவளும் படிக்கட்டும்.

உனக்கு இருபத்துமூன்று வயதில் இது தொடங்கியது. பட்டத்தைக் கயிற்றால் இடுப்போடு பிணைத்துக்கொண்டு களப்புத் தண்ணீரில் பலகையில் சறுக்கும் அந்த விளையாட்டை வெளிநாட்டுக்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை உனக்குக் கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் அவர்கள் தங்கும் முகாம்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். நீ அடிக்கடி கழிப்பறைக்கு ஓடுவதை முதலில் கண்டவள் நான்தான். "கண்ட கண்ட சாப்பாட்டத் தின்டா இப்படித்தான்" என்று ஏசினேன். இரத்தம் போகிறது என்று நீ சொன்னபோது, மூலமாக இருக்கும் என்று நானே முடிவு செய்து வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தேன். நான்கு மாதம் அப்படியே போனது. கிளினிக்கில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, பெருங்குடல் முழுவதும் அழற்சி, உள்ளே எல்லாம் புண், இது விட்டு விட்டு வரும், மருந்தை விடக் கூடாது என்று டொக்டர் சொன்னார். எனக்கு அதில் ஒரு சொல்தான் காதில் விழுந்தது. புண். புண் என்றால் ஆறும்தானே என்று நினைத்தேன்.

இனிச் சொல்லப்போவதை நீ என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நீ கேட்காததுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. உனக்குக் கொடுத்த ஸ்டீரொயிட் மாத்திரையால் உன் முகம் வீங்கியது. கன்னம் இரண்டும் பன்போல உப்பி, கண் சிறுத்துப்போனது. பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். ஒரு நாட்டு மருந்துக்காரரைப் பற்றி யாரோ சொன்னார்கள். அவர் தந்த கஷாயத்தை வாங்கிவந்து, "இந்த மாத்திரய நிப்பாட்டு, நான் சொல்றன்" என்றேன். நீ தயங்கினாய். "டொக்டர் சட்டெண்டு நிப்பாட்ட வேணாம் எண்டு சொன்னாரே உம்மா" என்றாய். நான் மாத்திரைப் பெட்டியை எடுத்து அலுமாரியில் என் சீலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் நீ கடற்கரையில் ஒரு பெண்ணுக்குப் பட்டத்தைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அப்படியே மணலில் சாய்ந்துவிட்டாய். வாப்பா உன்னை வேனின் பின் ஆசனத்தில் கிடத்தியபோது ஆசனமெல்லாம் இரத்தம். ஆஸ்பத்திரியில் டொக்டர், "மருந்து குடிச்சாரா?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்துவிட்டு, "நான் மறந்திட்டன் டொக்டர்" என்றாய். அந்தப் பொய்யை எனக்காகச் சொன்னாய். நான் வாய் திறக்கவில்லை. அதற்கு இப்போது, எல்லோரும் படிக்கிற இந்தத் தாளில், உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அந்தத் தரம் ஊசி மருந்தில் நீ தேறிவந்தாய். ஆனால் மாத்திரையின் அளவைக் குறைக்கக் குறைக்க இரத்தம் திரும்பி வந்தது. பிறகு கொழும்பில் சில வாரங்களுக்கு ஒரு தரம் நரம்பில் ஏற்றும் புது மருந்தும் கொடுத்தார்கள். முதல் இரண்டு தரம் நல்ல குணம் தெரிந்தது. நான் ஊருக்கெல்லாம் சொன்னேன். மூன்றாவதோடு அதுவும் கேட்காமல் போனது. அப்போதுதான் அறுவைச் சிகிச்சை செய்யும் டொக்டரிடம் நம்மை அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு தாளில் குடலைக் கீறிக் காட்டினார். பெருங்குடலை முழுதாக எடுத்துவிடலாம், சிறுகுடலின் நுனியை வயிற்றில் ஒரு சிறு வாசலாக வெளியே எடுத்து வைப்போம், கழிவு அதன் வழியாக ஒட்டிவைக்கும் பைக்குள் வரும், பிற்பாடு விரும்பினால் சிறுகுடலையே உள்ளே ஒரு பைபோலத் தைத்து வாசலை மூடவும் வழி இருக்கிறது என்றார். என்னென்ன பிழைக்கலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். பேனையை மூடி வைத்துவிட்டு, "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று கேட்டார். நீ வாய் திறக்க முன்னர் நான் சொன்னேன்: "இவன் கல்யாணம் முடிக்காத பிள்ள டொக்டர். பையக் கட்டிக்கொண்டு திரிய ஏலுமா? எங்களுக்கு வேணாம்." டொக்டர் கோபப்படவில்லை. "அம்மா, நான் அவரிட்டைத்தானே கேட்டனான்" என்றார். மூன்று வாரம் யோசித்துவிட்டு வரச் சொன்னார்.

அன்றைக்குத் திரும்பி வந்த பயணம் உனக்கு ஞாபகம் இருக்கும். கொழும்பிலிருந்து நம் ஊர் கற்பிட்டிக்கு வந்து சேர முன்னர் ஆறு இடத்தில் வேனை நிறுத்தினோம். ஒரு பெற்றோல் ஷெட், இரண்டு சாப்பாட்டுக் கடை, ஒரு பள்ளிவாசல், ஒரு கோயில் வளவு, கடைசியாகப் பாலாவிக்குப் பக்கத்தில் யாருடையதோ வீடு. அந்த வீட்டுக்காரி யார் எவர் என்று கேட்காமலே கதவைத் திறந்துவிட்டாள். நீ திரும்பி வந்து ஏறி, தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "உம்மா, மூணு வருசமா நான் ரோட்டப் பாக்கிறதே இல்ல. எங்க போனாலும் கக்கூஸ் எங்கெண்டு மட்டும்தான் பாக்கிறன். கடலுக்குள்ள இறங்கினா, எவ்வளவு நேரத்தில கரைக்கு வரலாமெண்டு கணக்குப் பாக்கிறன். ஆக்கள் பையப் பத்திக் கதைக்கிறாங்க. எனக்கு இப்ப இரிக்கிற இந்த நெலமைதான் கட்டு." வெளியே புத்தளத்து உப்பளங்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. உன் கல்யாணத்தை யோசித்த நான், நீ ஒரு பஸ்ஸில் நிம்மதியாக ஏற முடியாமல் மூன்று வருடம் இருந்ததை யோசிக்கவே இல்லை.

அதற்குப் பிறகும் நான் உடனே திருந்திவிடவில்லை. ஆனால் நீ சும்மா இருக்கவில்லை. ஒரு கொப்பியை எடுத்துக் கேள்விகளை எழுதினாய். பையோடு தொழ முடியுமா என்று நீயே போய் மௌலவியிடம் கேட்டாய். ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதிதாகக் கை கால் கழுவி வுழூ செய்துவிட்டு வழக்கம்போலத் தொழலாம், மனதைக் குழப்ப வேண்டாம் என்று அவர் சொன்னாராம். கிளினிக் நேர்ஸ் மூலமாக, இதே ஒபரேஷன் செய்த ஒருவரின் விலாசத்தையும் வாங்கினாய். சிலாபத்துப் பக்கம் முச்சக்கரவண்டியில் பேக்கரிப் பாண் விற்கும் நிமல் ஐயா. நாம் மூன்று பேரும் போனோம். முற்றத்தில் கதிரை போட்டு உட்காரவைத்தார். கொஞ்ச நேரம் பாண் விலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் கதைத்துவிட்டு, சட்டென்று ஷேர்ட்டைத் தூக்கினார். "இதுதான் தம்பி. பாத்துக்கங்க. கையால தொட்டும் பாருங்க." ஒன்பது வருடமாக அவருக்கு அந்தப் பை இருக்கிறது. அவர் கட்டியிருந்த சாரத்துக்கு மேலே ஷேர்ட்டை இறக்கிவிட்டால் ஒன்றும் தெரியவில்லை.

நீ கொப்பியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டாய். நாற்றம் வருமா? ஒழுங்காக ஒட்டினால் வராது. ஒழுகுமா? ஓம், ஒழுகும், முதல் மாதங்களில் நிறைய, பாண் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே ஒழுகியிருக்கிறது. தோல் எரியுமா? எரியும், மருந்து இருக்கிறது. கடைசியில் நீ, "கடலில இறங்கினா?" என்று கேட்டாய். அவர் யோசித்தார். "அது எனக்குத் தெரியாது தம்பி. எனக்குத் தண்ணிக்குப் பயம். பை வாறதுக்கு முந்தியும் பயம்தான்." நீ சிரித்தாய். நீ சத்தமாகச் சிரித்து எத்தனை மாதம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேத்தண்ணி கொண்டுவந்த அவருடைய மனைவியிடம் நான் மெல்லக் கேட்டேன், எப்படிச் சமாளித்தீர்கள் என்று. அவர் தமிழும் சிங்களமும் கலந்து சொன்னார்: "மொத மாசம் அழுதார். ரெண்டாம் மாசம் என்னோட சண்ட புடிச்சார். மூணாம் மாசம் பாண் விக்கப் போயிட்டார்." போகும்போது நிமல் ஐயா உன் கையைப் பிடித்து, "செய்யச் சொல்லி நான் சொல்லல்ல. நான் பயந்து ரெண்டு வருசம் இழுத்தன். அந்த ரெண்டு வருசம்தான் எனக்குக் கவல" என்றார்.

நான்கு நாள் கழித்து, நான் பார்சலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது குசினிக் கதவடியில் வந்து நின்றாய். "உம்மா, நான் செய்யப்போறன்" என்றாய். கேட்கவில்லை, சொன்னாய். "வாப்பாட்ட கேட்டியா?" என்றேன். முற்றத்தில் படகு எஞ்சினைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்த வாப்பா அங்கிருந்தே சொன்னார்: "நான் கையெழுத்துப் போடத் தேவல்லயாம். அவன் பெரிய ஆள்." நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போனேன். இரண்டு நாள் உன்னோடு கதைக்கவில்லை. ஒபரேஷனுக்குப் போகும் பிள்ளையோடு, உயிருக்கு என்ன ஆகுமோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்த பிள்ளையோடு, இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்காத தாய் நான். மூன்றாம் நாள் நீ கொப்பியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாய். உன் கேள்விகளுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: "உம்மா பயப்படாம இருக்க என்ன செய்யலாம்?" அந்தக் கேள்விக்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உனக்குச் சாரமும் துவாயும் எடுத்து வைத்தேன்.

ஒபரேஷன் நாளை நான் அதிகம் எழுதப்போவதில்லை. ஐந்து மணித்தியாலம் வாப்பா அந்த நீண்ட விறாந்தையில் நடந்தார், நான் தஸ்பீஹ் மணியை உருட்டினேன். டொக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கி, "நல்லபடியா முடிஞ்சுது அம்மா. அந்தக் குடலை விட்டு வச்சிருந்தாலும் ஒரு நாளும் ஆறியிராது" என்றார். மறுநாள் நீ கண்ணைத் திறந்து, ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்த என்னிடம் மெதுவாகச் சொன்ன சொல் என்ன தெரியுமா? "பசிக்கிது." மூன்று வருடமாகச் சாப்பாட்டைக் கண்டால் பயந்த பிள்ளை, பசிக்கிது என்றான். எனக்கு அந்த வார்டிலேயே ஓடித் திரிய வேண்டும்போல இருந்தது. கிடைத்த நேர்ஸ்மாரிடமெல்லாம், "அவனுக்குப் பசிக்கிதாம்" என்று சொல்லிக்கொண்டு போனேன். அவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுக்கவேண்டும் என்றார்கள். பொறுக்க எனக்கு என்ன கஷ்டம்.

ஆனால் நேர்ஸ் முதல்முறை பையைக் கழற்றிக் காட்டியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உன் வயிற்றில் சிவப்பாக, ஈரமாக அது இருந்தது. நீ என் முகத்தைப் பார்த்துவிட்டாய். நீ உடனே துணியை இழுத்து மூடியது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. வாப்பாதான் கிட்ட வந்து குனிந்து பார்த்துவிட்டு, "நம்மட எஞ்சினுக்கும் தண்ணி வெளிய போற வழி இப்படித்தான் இரிக்கி" என்றார். அடுத்த நாள் நான் நேர்ஸிடம் போய், எனக்கும் பழக்கித் தரும்படி கேட்டேன். அளவு பார்த்து வெட்டுவது, தோலைத் துடைத்துக் காயவிடுவது, ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டுவது எல்லாம் பழகினேன். வீட்டுக்கு வந்த முதல் கிழமை இரண்டு தரம் படுக்கையில் ஒழுகியது. நீ சுவரைப் பார்த்துக்கொண்டு, "பிழை செஞ்சிட்டன் உம்மா" என்று அழுதாய். நான் விரிப்பைக் கழற்றிக் கழுவப் போட்டுவிட்டு, "நிமல் ஐயாவுக்கு ரெண்டாம் மாசம் சண்ட. உனக்கு இன்னும் முதல் மாசமே முடியல்ல" என்றேன். நீ அழுதுகொண்டே சிரித்தாய். தண்ணீரும் உப்பும் நிறைய எடுக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னபோது, "புத்தளத்தானுக்கு உப்புக்கா பஞ்சம்" என்று வாப்பா சொன்னதைக் கேட்டு அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் சிரித்துவிட்டார்.

ஒபரேஷன் முடிந்து ஏழு மாதத்துக்குப் பிறகு, காற்று நன்றாகப் பிடித்த ஒரு நாள், டொக்டரின் அனுமதியோடு நீ களப்பில் இறங்கினாய். முதல் நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டு வந்து, பை ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறது என்று காட்டினாய். மூன்றாம் நாள் நான் முகாமுக்குப் பார்சல் கொண்டுவந்தேன். நீ பலகையில் எழும்புவதைக் கண்டேன். மஞ்சள் பட்டம் உன்னை இழுத்தது, நீ பின்னால் சாய்ந்து தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனாய், போய்க்கொண்டே இருந்தாய், கரையிலிருந்து தூரம், இன்னும் தூரம். முன்பு எப்போதும் கரையைக் கணக்குப் பார்த்த பிள்ளை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்சல் கூடையை மணலில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் முழங்கால்வரை இறங்கி நின்றிருக்கிறேன், அது எனக்கே தெரியாது. திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பார்சலை நாய் பிரித்துத் தின்றுவிட்டது. அந்த முகாம்காரர்களிடம் நான் வெட்கமே இல்லாமல், "என்ட மகன் அது" என்று சொன்னேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விளங்கியது.

போன மாதம் டொக்டர் உன்னை அழைத்து, விரும்பினால் இனி அடுத்த ஒபரேஷனுக்கு நாள் குறிக்கலாம், உள்ளே பை தைத்து வாசலை மூடலாம் என்றார். அதன் நன்மையையும் சொன்னார், திரும்பப் படுக்கவேண்டி வருவதையும், சிலருக்கு அது சரிவராமல் போவதையும் சொன்னார். இந்த மாலைதீவு வேலையும் அதே கிழமைதான் வந்தது. இந்தத் தரம் உன்னிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன், அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று. நீ இரண்டு நாள் யோசித்துவிட்டு, "இப்ப செய்யல்ல டொக்டர். எனக்குச் சுகமா இரிக்கி. ஒரு சீசன் வேலை செஞ்சிட்டு வந்து யோசிக்கிறன்" என்றாய். வேலைக்கு எடுத்தவர்களிடமும் உன் வயிற்றைப் பற்றி நீயே எழுதிச் சொன்னாய். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: வரும்போது எத்தனை மாதத்துக்குத் தேவையான பைகளைக் கொண்டுவருவாய்?

மகனே, உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. வெயிலில் தண்ணீர் குடி. தலை சுற்றினால் வேலையை நிறுத்து, கூச்சப்படாதே. பைகளில் பாதியைக் கைப்பையில் வைத்திருக்கிறேன், பெட்டி பிந்தினாலும் உனக்குக் குறை வராது. பிற்காலத்தில் உனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்களில் ஒருவருக்கு இப்படி ஒரு முடிவு எடுக்கவேண்டி வந்தால், அவர்களுடைய பதிலை நீ சொல்லிவிடாதே. நான் அதைப் பழக இவ்வளவு காலம் எடுத்தது.

இன்று பகல் உன் பெரிய மாமி வட்டலப்பம் செய்துகொண்டு வந்தார். உன் வாப்பாவின் கூடப்பிறந்த மூத்த ராத்தா எப்படிக் கதைப்பார் என்று உனக்குத் தெரியும். கதிரையில் உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கேட்டார்: "ஏன் மதினி, அந்தப் பைய எடுக்காமலா அனுப்புறீங்க? எப்பதான் அத மூடுறது? பொம்புளப் புள்ள குடுக்கிறவங்க கேக்க மாட்டாங்களா?" முன்பு நானே கேட்ட கேள்விகள்தான். நான் வட்டலப்பத்தை வெட்டி அவர் தட்டில் வைத்தேன்.

"அவன்ட வயிறு, மதினி" என்றேன். "பின்னேரம் வருவான். அவனுட்டயே கேளுங்க."

உன் உம்மா